பெஞ்சியல்: கூட்டேரிப்பட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

அறிவுலகம் கவனிக்காமல் விட்ட துறைகளில் முதன்மையானது பெஞ்சியல். நான்கு கால், ஒரு பலகை, அதில் மூன்று பேர் தாராளமாகவும் ஐந்து பேர் நெருக்கியடித்தும் உட்கார இடம், எதிரே பாய்லர், கைக்கொரு பக்கமாகப் பிரிந்து கிடக்கும் அன்றைய பேப்பர். இவ்வளவும் கூடிய இடத்தில் உற்பத்தியாகும் கருத்துகளை முறைப்படி ஆராய்வதே இத்துறையின் நோக்கம். தேர்தல் கணிப்பு நடத்தும் நிறுவனங்கள் பெஞ்சை ஏன் ஒதுக்குகின்றன என்பதற்கான காரணம் எளிது. பெஞ்சில் இருப்பவரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது. “நீ எந்த ஊரு, எந்தக் கட்சி, யாரு அனுப்புனா?” என்று மூன்று கேள்விகள் திரும்பி வரும்.

ஆய்வுக் களமாகக் கூட்டேரிப்பட்டு தேர்ந்தெடுக்கப்பட்டதற்குப் போதிய நியாயம் உண்டு. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் திண்டிவனம் தாண்டி, விக்கிரவாண்டிக்கு முன்னால் வரும் கூட்டுரோடு இது. கிழக்கே திரும்பினால் மயிலம், அப்படியே போனால் புதுச்சேரி. மேற்கே ரெட்டணைப் பக்கம் போகிறது இன்னொரு சாலை. விழுப்புரம் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர், மயிலம் முருகனுக்கு மொட்டை போட்டுவிட்டுத் திரும்புபவர், சந்தைக்கு ஆடு ஓட்டி வந்தவர், லாரியை ஓரங்கட்டி முகம் கழுவிக்கொண்டு வரும் டிரைவர், திண்டிவனம் கோர்ட்டில் இன்னொரு வாய்தா வாங்கிக்கொண்டு வந்தவர் என எல்லாரும் ஒரே பலகையில் உட்காருகிறார்கள். சமவாய்ப்பு மாதிரி எடுப்பதற்குப் பல்கலைக்கழகங்கள் மென்பொருள் வாங்குகின்றன. இங்கே அந்த வேலையை நேரத்துக்கு வராத பஸ்ஸே செய்துவிடுகிறது.

ஒருதலைப்பட்சம் என்ற புகாருக்கும் இடமில்லை. 2008 மறுவரையறையில் உருவான மயிலம் சட்டமன்றத் தொகுதி, தன் முதல் மூன்று தேர்தல்களில் மூன்று கட்சிகளைத் தேர்ந்தெடுத்தது: 2011-ல் அ.தி.மு.க., 2016-ல் தி.மு.க., 2021-ல் பா.ம.க. பக்கத்துத் தொகுதியான விக்கிரவாண்டி 2024 ஜூலையில் ஓர் இடைத்தேர்தலைக் கண்டது. அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று விஜய்யின் தமிழக வெற்றிக் கழகம் தன் முதல் மாநாட்டை அங்கே வி.சாலையில் நடத்தியது. இவ்வளவு கட்சிக்கொடிகள் கடந்துபோகும் சாலையோரத்தில் உட்கார்ந்தும் டீ ஆறிப்போகாமல் குடித்து முடிப்பவர்கள் சாமானியர்கள் அல்லர்.

முன்னோடிகளைக் குறிப்பிடாமல் ஆய்வைத் தொடங்கக் கூடாது என்பது மரபு. ஜெர்மன் அறிஞர் யூர்கன் ஹேபர்மாஸ் 1962-ல் வெளியிட்ட நூலில், பொதுக்கருத்து என்ற ஒன்று உருவான இடங்களில் லண்டன் காப்பிக் கடைகளையும் சேர்த்தார். அதை அவருக்கு ஏறக்குறைய மூன்று நூற்றாண்டு முன்பே கண்டுபிடித்துவிட்டவர் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ். காப்பிக் கடையில் உட்கார்ந்து அரசைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள் என்று, 1675 டிசம்பர் 29 அன்று எல்லாக் கடைகளையும் மூடச் சொல்லி ஆணையிட்டார். எதிர்ப்பு கிளம்பியது. ஜனவரி 8-ம் தேதியே ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பத்து நாளுக்கு மேல் தாங்காத அந்த ஆணையைத் தமிழ்நாட்டு டீக்கடைக்காரர்கள் தலைமுறைகளாகத் தகரப் பலகையில் எழுதி மாட்டி வருகிறார்கள்: ‘இங்கு அரசியல் பேசாதீர்கள்’. பக்கத்திலேயே ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று இன்னொரு பலகை. இரண்டாவது பலகைக்குக் கிடைக்கும் மரியாதையில் கால்வாசிகூட முதல் பலகைக்குக் கிடைப்பதில்லை. அதை மாட்டியவரே கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, “இந்தக் கூட்டணி நிக்காது பாருங்க” என்று விவாதத்தைத் தொடங்கி வைப்பதும் உண்டு.

தமிழரிடையே காப்பி புகுந்த கதையை ஆ.இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற தலைப்பிலேயே எழுதிவிட்டார். டீக்கடைக்குச் செய்தியைக் கொண்டுவந்ததில் சி.பா. ஆதித்தனார் 1942-ல் மதுரையில் தொடங்கிய தினத்தந்திக்குப் பெரிய பங்கு உண்டு. எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரியும் தமிழில் அது வந்தது. ஒருவர் உரக்கப் படிக்க, படிக்கத் தெரியாதவர்கள் சந்தேகம் கேட்டார்கள். தினமலர் ‘டீ கடை பெஞ்ச்’ என்றே ஒரு பகுதியை நடத்துகிறது. ஆனால் அது அதிகாரிகள், அரசியல்வாதிகள் பற்றிய துப்புகளுக்கான இடம். இயந்திரங்களைப் பற்றிப் பெஞ்ச் என்ன நினைக்கிறது என்ற அதிகாரம் எழுதப்படாமலே கிடக்கிறது. இக்கட்டுரை அந்த இடைவெளியில் துண்டு போடுகிறது.

பெஞ்சியலின் முதல் விதி: இயந்திரம் கெட்டுப்போவது தோற்றவருக்கு மட்டுமே.

வாக்கு எண்ணிக்கைக்கு மறுநாள் காலையில் இந்த விதியை எந்தக் கடையிலும் சோதித்துப் பார்க்கலாம். உரையாடலின் வடிவம் பெரும்பாலும் இதுதான். “மிஷின்ல ஏதோ பண்ட்டாங்க மாமா.” “போன வாட்டி நம்மாளு ஜெயிச்சதும் இதே மிஷின்தானடா?” “அப்ப மிஷின் புதுசு மாமா.”

இதைக் கேட்டுச் சிரிக்கும் படித்தவர்கள் வரலாறு படிக்காதவர்கள். இந்தியாவில் மின்னணு வாக்கு இயந்திரம் முதன்முதலாக வைக்கப்பட்டது 1982 மே மாதம், கேரளத்தின் பரவூர் தொகுதியில், 50 வாக்குச்சாவடிகளில். இயந்திரம் கூடாது என்று தேர்தலுக்கு முன்பே நீதிமன்றம் போனவர் இந்தியக் கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை. அந்த வழக்கு எடுபடவில்லை. தேர்தல் நடந்தது, அவரே 123 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வென்ற பிறகு அவருக்கு இயந்திரத்தின் மேல் வருத்தமில்லை. இப்போது நீதிமன்றம் போனவர், தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி. ஜோஸ். சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமே இல்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, அந்த 50 சாவடிகளிலும் சீட்டு முறையில் மறுவாக்குப்பதிவு நடத்த உத்தரவிட்டது. ஜோஸ் வென்றார். நாடாளுமன்றம் 1988 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி இயந்திரத்துக்கு இடம் கொடுத்தது. முதல் விதி, இயந்திரம் பிறந்த வீட்டிலேயே நிரூபணமாகிவிட்டது.

நம் மாநிலத்துச் சான்று இன்னும் சுவையானது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க இயந்திரம் என்று முடிவானபோது, அதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது அன்றைய எதிர்க்கட்சியான அ.தி.மு.க. நீதிமன்றம் வாதத்தை ஏற்கவில்லை. அதே இயந்திரத்தில் அதே தேர்தலில் அக்கட்சி 132 இடங்களை வென்று ஆட்சியைப் பிடித்தது. இயந்திரத்தை வடிவமைத்த பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து, அதன் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தவர் எழுத்தாளர் சுஜாதா. துப்பறியும் கதைகளில் திருப்பம் வைத்துப் பழகியவருக்கு இந்தத் திருப்பம் ஒன்றும் புதிதாக இருந்திருக்காது.

தேசிய அளவிலும் கதை மாறவில்லை. 2009 தோல்விக்குப் பிறகு இயந்திரத்தைச் சந்தேகித்தவர் பா.ஜ.க.வின் எல்.கே. அத்வானி. அக்கட்சியைச் சேர்ந்த ஜி.வி.எல். நரசிம்ம ராவ் மறு ஆண்டு இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதற்கு முன்னுரையும் அத்வானிதான். அன்று ஆட்சியில் இருந்த காங்கிரஸுக்கு இயந்திரம் பொன்னாகத் தெரிந்தது. 2014-க்குப் பிறகு இரு கட்சிகளும் தங்களுக்குள் வாதங்களை மாற்றிக்கொண்டன. கூட்டேரிப்பட்டு பெஞ்சில் இடம் மாறி உட்காருகிறவர்கள்கூட அவரவர் டீ கிளாஸை எடுத்துக்கொண்டுதான் மாறுவார்கள். இவர்கள் கிளாஸையும் சேர்த்து மாற்றிக்கொண்டார்கள்.

இதற்காகச் சீட்டுக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. 1996-ல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியிருந்தது. தன் வேட்பாளர் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று புரட்டிக் கண்டுபிடித்து முத்திரை குத்திய வாக்காளரின் பொறுமையை எந்தப் பல்கலைக்கழகமும் பாராட்டவில்லை.

ஆனால் பெஞ்சின் கட்சிக் கோபத்தைக் கழித்துவிட்டால் அடியில் ஒரு சுத்தமான கேள்வி மிஞ்சுகிறது. “நான் அமுக்குனது நான் அமுக்குன எடத்துலதான் போய்ச் சேந்துச்சுன்னு எனக்கு எப்டித் தெரியும்?” இதைக் கேட்பவர் பத்தாவது தாண்டாதவராக இருக்கலாம். 2009 மார்ச்சில் ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் அந்நாட்டு வாக்கு இயந்திரங்களை நிராகரித்தபோது சொன்னதும் இதேதான்: தேர்தலின் முக்கியமான படிகளை, சிறப்புத் தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும். ஜெர்மன் நீதிபதிகள் பக்கம் பக்கமாக எழுதியதைப் பெஞ்ச் ஒரு மூச்சில் சொல்லிவிட்டு வடைக்குக் கை நீட்டுகிறது. இந்தியாவில் இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில், சீட்டு அச்சிட்டுக் காட்டும் விவிபேட் கருவி. 2013-ல் நாகாலாந்தின் நோக்சென் தொகுதியில் முதலில் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் சீட்டு ஏழு நொடி தெரியும், பிறகு பெட்டிக்குள் விழும். அந்த ஏழு நொடியில் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்கே ஆறு நொடி போய்விடும் பெரியவர்களைப் பற்றித் தனியாக ஓர் ஆய்வு தேவை.

முதல் விதிக்குச் சட்ட அங்கீகாரமும் கிடைத்துவிட்டது என்பதைப் பலர் கவனிக்கவில்லை. எல்லா விவிபேட் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரல் 26 அன்று நிராகரித்தது. கூடவே ஒரு வழியையும் திறந்துவிட்டது. ஒரு தொகுதியின் ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் 5 சதவீத இயந்திரங்களின் உள்நினைவைச் சரிபார்க்கக் கேட்கலாம். யார் கேட்கலாம்? இரண்டாவது, மூன்றாவது இடம் வந்தவர்கள். செலவு அவர்களுடையது; கோளாறு நிரூபணமானால் பணம் திரும்பக் கிடைக்கும். வென்றவருக்குச் சந்தேகமே வராது என்று நீதிமன்றமும் எடுத்துக்கொண்டிருப்பது பெஞ்சியலுக்குக் கிடைத்த மாபெரும் வெற்றி.

இரண்டாம் விதி சற்று நுட்பமானது. கண்ணில் காணாத தொழில்நுட்பத்தைப் பெஞ்ச் நம்பும். கையில் கொடுத்தால் நம்பாது.

2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாமல் போயின. புதிய 2,000 ரூபாய்த் தாளில் நானோ சிப் இருக்கிறது, 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடும் என்ற வாட்ஸ்அப் செய்தி நாடு முழுக்கச் சுற்றியது. தொலைக்காட்சிகளும் அதை விளக்கப் படத்தோடு காட்டின. ரிசர்வ் வங்கி மறுத்தது. ஆனால் 120 மீட்டர் என்றால் ஏறக்குறைய 394 அடி. திண்டிவனம் பக்கம் அவ்வளவு ஆழம் போர் போட்டுப் புழுதியை மட்டும் பார்த்த விவசாயி யாரிடமாவது இந்தச் செய்தியைச் சொல்லிப் பாருங்கள். “நோட்டைக் கண்டுபிடிக்கிறது கெடக்கட்டும், தண்ணி எங்க இருக்குதுன்னு அந்த சிப்ப வெச்சுச் சொல்லச் சொல்லு” என்பதுதான் அவர் பதிலாக இருக்கும். எந்த மறுப்பு அறிக்கையையும்விட இது தரமான மறுப்பு. அந்தத் தாளையே 2023 மே 19 அன்று ரிசர்வ் வங்கி புழக்கத்திலிருந்து திரும்பப் பெற்றது. எந்தச் செயற்கைக்கோளுக்கும் அதனால் வேலை போகவில்லை.

இல்லாத சிப்பை நம்பிய அதே மக்கள், அரசு நாணயச் சாலையில் அச்சான, கையில் கனமாக உட்காரும் பத்து ரூபாய் நாணயத்தை நம்ப மறுத்தார்கள். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் கண்டக்டர் வாங்கமாட்டார், கடைக்காரர் வாங்கமாட்டார், கடைசியில் பிச்சை கேட்பவரும் வேண்டாம் என்பார். பத்து கோடு இருந்தால் நல்லது, பதினைந்து கோடு இருந்தால் கள்ளம் என்று ஒரு கோட்பாடு. ரூபாய்க் குறியீடு இருந்தால்தான் அசல் என்று இன்னொன்று. ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 17 அன்று, அதுவரை வெளியிட்ட 14 வடிவங்களும் செல்லும் என்று அறிக்கை விட்டது. சந்தேகம் இருந்தால் 14440 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னது. நம் மக்கள் மிஸ்டு கால் கொடுப்பதில் உலகத் தரம் வாய்ந்தவர்கள். இருந்தும் இந்த எண் எடுபடவில்லை. 2022-ல் தருமபுரி மாவட்டத்துக்காரர் ஒருவர் பத்து ரூபாய் நாணயங்களாகவே சேர்த்து, அந்த 6 லட்சம் ரூபாயைக் கொண்டுபோய்ச் சேலத்தில் கார் வாங்கினார். நாணயம் செல்லும் என்பதற்கு அதைவிடப் பெரிய செய்முறை விளக்கத்தை எந்த வங்கியும் செய்து காட்டியதில்லை.

அந்தக் குறியீட்டில் உள்ளூர்ச் சம்பந்தம் ஒன்றும் இருக்கிறது. 2010-ல் ஏற்கப்பட்ட ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்த உதயகுமார், அந்நாளைய விழுப்புரம் மாவட்டத்தின் ரிஷிவந்தியம் தொகுதி முன்னாள் தி.மு.க. எம்.எல்.ஏ. ஒருவரின் மகன். 2025 மார்ச்சில் தமிழ்நாடு பட்ஜெட் இலச்சினையில் தி.மு.க. அரசு அந்தக் குறியீட்டுக்குப் பதிலாக ‘ரூ’ என்ற எழுத்தை வைத்தது. தொலைக்காட்சிகளில் இதை வைத்து நாள் முழுக்கச் சண்டை நடந்தது. எந்த எழுத்தில் எழுதினால் என்ன, பதினைந்து ரூபாய்க்கு டீ கிடைத்தால் சரி என்று இருந்த பெஞ்சுக்கு அந்தச் சண்டை எட்டவே இல்லை.

இனி ஸ்பீக்கர் பெட்டிக்கு வருவோம். கல்லாப் பக்கத்தில், ஊதுபத்தி ஸ்டாண்டுக்கும் பிஸ்கட் பாட்டிலுக்கும் நடுவே, உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி. அதன்மேல் பால் கொப்பளித்துக் காய்ந்த தடம். மேலே ஒட்டிய க்யூஆர் அட்டையின் ஒரு மூலை ஆவியில் சுருண்டிருக்கும். அதை ஸ்கேன் செய்ய, கிளாஸை இடது கைக்கு மாற்றி, வலது கையால் மூலையை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். யூபிஐ வந்தது 2016-ல். எந்தச் செயலியில் அனுப்பினாலும் இங்கே அதன் பெயர் ஜீபேதான். பணம் வந்ததும் பெட்டி சத்தமாக அறிவிக்கும். மாஸ்டர் தலை திருப்பாமல் டீ ஆற்றிக்கொண்டே தலையாட்டுவார்.

இந்தப் பெட்டியால் டீக்கடை அரசியலுக்கு நேர்ந்த மாற்றத்தை இன்னும் யாரும் மதிப்பிடவில்லை. யார் யாருக்கு டீ வாங்கித் தந்தார் என்பது முன்பெல்லாம் கல்லாவுக்கும் கொடுத்தவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். இப்போது கட்சிக்காரர் ஒருவர் எதிர்க்கட்சிக்காரருக்கும் சேர்த்துப் பணம் போட்டால் அது கடை முழுக்க ஒலிபரப்பாகிறது. “எழுபத்தஞ்சு ரூபாயா? இருந்தது நாலு பேர்தானே, அஞ்சாவது டீ யாருக்கு?” என்று கணக்குப் போடுகிறது பெஞ்ச். கூட்டணிப் பேச்சுவார்த்தைகளை இவ்வளவு வெளிப்படையாக்கிய கருவி வேறில்லை.

பெட்டியைப் பற்றிப் பெஞ்சின் தீர்ப்பு: “எவன்டா சும்மா தருவான்?” 2020 ஜனவரி முதல் யூபிஐக்கு வணிகரிடம் கட்டணம் இல்லை என்பது அரசின் நிலை. பெஞ்ச் இதை ஏற்கவில்லை. யாரோ எங்கேயோ காசு கட்டுகிறார்கள் என்பது அதன் உறுதியான நம்பிக்கை. ஆராய்ந்தால், நம்பிக்கை சரிதான். 2024–25-ம் ஆண்டுக்கு மட்டும் இதற்காக 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைக்கு மத்திய அமைச்சரவை 2025 மார்ச்சில் ஒப்புதல் தந்தது. சிறு வணிகருக்கு வரும் 2,000 ரூபாய் வரையிலான பரிவர்த்தனைக்கு 0.15 சதவீதம். 15 ரூபாய் டீ ஒன்றுக்கு இரண்டேகால் பைசா. அது போவது வங்கிகளுக்கு. கொடுப்பது அரசு, அதாவது டீத்தூளுக்கும் சர்க்கரைக்கும் ஜி.எஸ்.டி. கட்டிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர். பெட்டிக்கு மாத வாடகை தனி.

நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் பெஞ்சில் உட்காருவதில்லை. பார்சல் டீ தூக்குவாளியில் போகும். அல்லது கடைக்கு வெளியே நின்றபடி குடித்துவிட்டு நகர்வார்கள். இது பெஞ்சியலின் பெரிய குறைபாடு, அதை இங்கேயே பதிவு செய்ய வேண்டும். ஏனென்றால் இயந்திரத்தோடு அன்றாடம் மல்லுக்கட்டுவது அவர்கள்தான். ரேஷன் கடையில் கைரேகை வைக்கச் சொல்லும் கருவி 2020 முதல் மாநிலம் முழுக்க வந்தது. நாற்று நட்டு, களை பறித்து, கடலை ஆய்ந்து தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? “துணியில தொடச்சிட்டு வைம்மா”, “அடுத்த வெரல வைம்மா”, கடைசியில் “நாளைக்கு வாம்மா”. கருவிழியைப் படிக்கும் கருவி அதற்குப் பின்னால்தான் வந்தது.

வேலைத்தளத்திலும் ஒரு செயலி. 2023 ஜனவரி முதல் காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம் எடுத்து ஏற்றினால்தான் வருகை. இதில் ஏமாற்றவே முடியாது என்று சொல்லப்பட்டது. 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தமே இல்லாத படங்கள் ஏற்றப்படுகின்றன, ஆண் பெண் கணக்குப் பொருந்தவில்லை, படத்தையே படம் எடுத்து ஏற்றுகிறார்கள் என்று அதில் பட்டியல். படத்தையே படம் எடுப்பது! ஏரி வேலைக்கு வந்த பெண் வெயிலில் பிற்பகல் படத்துக்காக நிற்கிறார். எங்கோ ஓர் ஊரில் காலைப் படமே அவருக்குப் பதிலாக வேலை பார்க்கிறது. இப்படி நடக்கும் என்று ஆட்டுச் சந்தைத் தரகர் யாரைக் கேட்டிருந்தாலும் முன்கூட்டியே சொல்லியிருப்பார். கேட்கவில்லை.

கால ஆராய்ச்சியில் ஒரு சிறு கண்டுபிடிப்பு. தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்குள் இயந்திரம் நுழையும் நல்ல நாள் செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். இலவச வண்ணத் தொலைக்காட்சி 2006-ல் அந்த நாளில். மடிக்கணினியும் மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் 2011-ல் அந்த நாளில். ‘உங்கள் கணக்கில் 1,000 ரூபாய் வரவு’ என்று 1 கோடியே 6 லட்சம் பெண்களின் போன் சிணுங்கத் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையும் 2023-ல் அதே நாளில். ஆட்சி மாறினாலும் முகூர்த்தம் மாறவில்லை. மற்ற நாளெல்லாம் சிலிக்கான் பள்ளத்தாக்குக்குச் சொந்தமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

செயற்கை நுண்ணறிவு பற்றிப் பெஞ்ச் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. வேலை போய்விடும் என்று சென்னையில் பயப்படுகிறார்கள். இங்கே போவதற்கு வேலை இருந்தால்தானே. ஆனால் 2024 ஜனவரியில் சேலத்தில் நடந்த தி.மு.க. இளைஞரணி மாநாட்டில், 2018-ல் மறைந்த கருணாநிதி திரையில் தோன்றிப் பேசினார். அடுத்த மாதம், ஜெயலலிதாவின் பிறந்த நாளில், 2016-ல் மறைந்த அவரது குரலில் அ.தி.மு.க. ஓர் ஒலிப்பதிவை வெளியிட்டது. இரண்டும் செயற்கை நுண்ணறிவின் வேலை. பேச்சாற்றலால் வளர்ந்த இயக்கங்களுக்கு இது இயல்பான அடுத்த படி என்று அறிஞர்கள் எழுதலாம். பெஞ்சிலிருந்து வரக்கூடிய ஐயம் வேறு: “செத்தவங்க ஓட்டுப் போடுறது பழசு. செத்தவங்க ஓட்டுக் கேக்குறது இப்பத்தான்.” வாக்காளர் பட்டியலைத் திருத்துகிறவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான வேலைக் குறிப்பு கிடைக்காது.

பெஞ்ச் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிடும் என்று இக்கட்டுரை வாதிடவில்லை. ஃபெஞ்சல் புயல் அதற்குச் சான்று. 2024 நவம்பர் 28 அன்று, இது புயலாக மாறாது என்றது வானிலை ஆய்வு மையம். மறுநாள் அது புயலானது. 30-ம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் நின்றது. வானிலைச் செயலி பச்சை காட்டியதா சிவப்பு காட்டியதா என்ற பட்டிமன்றமெல்லாம் அன்று இரவு நனைந்துபோனது. டிசம்பர் 1 காலை கணக்கெடுத்தபோது 24 மணி நேரத்தில் மயிலத்தில் பதிவான மழை 51 செ.மீ. செயலியும் சொல்லவில்லை, ஆய்வு மையமும் சொல்லவில்லை, எறும்பு முட்டை தூக்குவதைப் பார்த்துச் சொல்லும் பெரியவரும் சொல்லவில்லை. சொன்னது மயிலத்து மழைமானி மட்டும். அதுவும் பெய்து முடித்த பிறகு. இரண்டு நாள் கழித்து, இதே நெடுஞ்சாலையில் தெற்கே இருவேல்பட்டில், வெள்ளம் பார்க்கப் போன அன்றைய அமைச்சர் மீது சேறு வீசப்பட்டது. கருத்துத் தெரிவிக்க மனிதகுலம் கண்ட ஆகப் பழைய தொழில்நுட்பம் அது. அதற்கு சிக்னல் தேவையில்லை. அந்த வாரமே குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. 2,000 ரூபாய்த் தாள்தான் முந்தைய ஆண்டே போய்விட்டதே.

ஆகவே பெஞ்சியலின் தீர்ப்பு இது. சிப் இருக்கிறது, கோடு எண்ணினால் கள்ளம் தெரியும் போன்ற காரணங்கள் பெஞ்சில் பெரும்பாலும் தப்பு. யார் காசு, யார் கையில் சாவி, நான் எப்படிச் சரிபார்ப்பது போன்ற சந்தேகங்கள் பெரும்பாலும் சரி. படித்தவர்கள் காரணத்தை மட்டும் கேட்டுச் சிரித்துவிட்டுச் சந்தேகத்துக்குப் பதில் சொல்லாமல் போகிறார்கள். ஜெர்மன் நீதிமன்றம் சிரிக்கவில்லை.

மேலதிக ஆய்வு தேவை என்று முடிப்பதே மரபு. குறிப்பாக, ரேஷன் கடை வரிசையில் நிற்கும் பெண்களிடமிருந்து தொடங்கும் ஓர் ஆய்வு அவசரமாகத் தேவை. அதைப் பெஞ்சில் உட்கார்ந்து செய்ய முடியாது. நல்கை அளிக்க முன்வரும் வாசகர்கள் ஜீபே செய்யலாம். பத்து ரூபாய் நாணயமாகத் தந்தாலும் மறுப்பில்லை. பத்து கோடோ பதினைந்து கோடோ, 14 வடிவங்களும் செல்லும்.